இந்தியா எவ்வாறு விடுதலை பெற்றது: தொடக்க வாசகருக்கு ஒரு விளக்கம்

இந்திய விடுதலையைப் பற்றி நம்மிடையே மூன்று கதைகள் உலவுகின்றன. காந்தியடிகள் இராட்டையில் நூல் நூற்றார், கடற்கரையில் உப்பு எடுத்தார், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் வெள்ளையர் வெளியேறினர் என்பது முதலாவது. சுபாஸ் சந்திர போஸ் படை திரட்டியதைக் கண்டு அஞ்சியே அவர்கள் போனார்கள் என்பது இரண்டாவது. இரண்டாம் உலகப் போரில் கடனாளியாகிவிட்ட பிரித்தானியா தன் வசதிக்காக விட்டுச் சென்றது, போராட்டத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை என்பது மூன்றாவது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தர வகுப்பில் வரலாறோ அரசியல் விஞ்ஞானமோ படிக்கும் பிள்ளைகள் பலர் இவற்றுள் ஏதாவது ஒன்றையே முழு விடையாகக் கேட்டு வளர்கிறார்கள்.

மூன்றிலும் உண்மையின் பங்கு உண்டு. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்து நின்றால் ஒரு கேள்வியில் இடறி விழும். அறப்போராட்டமே போதுமானதாக இருந்திருந்தால், 1930 இல் நாடெங்கும் பரவிய போராட்டத்துக்குப் பிறகு ஏன் இன்னும் 17 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது? போஸின் படை 1944 இல் இந்தியாவின் கிழக்கெல்லையிலுள்ள இம்பாலில் தோற்றுப் பின்வாங்கி, அடுத்த ஆண்டு சரணடைந்தது. சரணடைந்த படை எப்படி அச்சத்தை விளைவித்தது? போரில் நொடிந்ததுதான் காரணம் என்றால், அதேபோல் நொடிந்திருந்த பிரான்சும் நெதர்லாந்தும் போர் முடிந்த கையோடு வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் படை இறக்கி, இழந்த ஆட்சியை மீட்கப் போரிட்டனவே. பிரித்தானியா இந்தியாவில் ஏன் அப்படிச் செய்யவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண, யார் பெரியவர் என்ற வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பிரித்தானிய ஆட்சி நாளாந்தம் எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

போடியாரின் வயல்

பெரிய வட்டையொன்றில் நூறு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு போடியாரை எண்ணிப் பாருங்கள். காணி உறுதி அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் விதைப்பைப் பார்த்துக்கொள்பவர் முல்லைக்காரர். வரம்பில் நின்று பாடுபடுபவர்கள் வயற்காரர்கள். வாய்க்கால் நீரைப் பங்கிட்டு விடுபவர் வட்டவிதானையார். போடியார் ஊரில் தம் வீட்டில் இருக்க, வேளாண்மை இவர்களுடைய கைகளால் விளைகிறது. ஒரு போகத்தில் இவர்கள் அனைவரும் சேர்ந்து வயலில் இறங்க மறுத்துவிட்டால், உறுதி பெட்டியில் பத்திரமாகவே இருக்கும். வயலில் மட்டும் ஒரு கதிரும் இராது.

அப்போது போடியாருக்கு மூன்று வழிகள் உண்டு. மிரட்டிப் பார்க்கலாம். பங்கைக் கூட்டித் தருவதாகச் சொல்லிச் சிலரைத் தம் பக்கம் இழுக்கலாம். வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலும் போட்டு, செய்கையை நடத்தலாம். கடைசி வழி விளைச்சலை விடச் செலவு மிகுந்ததாக இருக்குமானால், எவ்வளவு நாளைக்கு அவர் தாங்குவார்?

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. போடியார் இந்த மண்ணைச் சேர்ந்தவர். ஊரின் நன்மை தீமைகளில் பங்கு கொள்பவர். காலனித்துவ ஆட்சி என்பதோ, ஒரு நாட்டின் மக்களை இன்னொரு நாட்டின் அரசு தன் நலனுக்காக, அவர்களுடைய சம்மதத்தைக் கேளாமல் ஆள்வது. ஆகவே நிலவுடைமை பற்றிய பேச்சாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள்பவரின் அதிகாரம் ஆளப்படுபவரின் உழைப்பின்மேலும் ஒத்துழைப்பின்மேலும் நிற்கிறது என்ற ஒரே உண்மைக்காகத்தான் இதைச் சொன்னேன்.

சிலர் பலரை ஆண்ட விதம்

1600 ஆம் ஆண்டு வணிகத்துக்கென உருவான ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, 1757 இல் பிளாசிப் போரில் வென்று, 1765 இல் வங்காளத்தில் வரி அறவிடும் உரிமையைப் பெற்றது. அந்த வரிப்பணத்தைக் கொண்டே இந்தியச் சிப்பாய்களைச் சேர்த்து, அவர்களைக் கொண்டே ஏனைய பகுதிகளைப் பிடித்தது. இந்தியா இந்தியப் பணத்தாலும் இந்தியப் படையாலும் வெல்லப்பட்டது என்பதை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்தே விளங்கும்.

1857 மே மாதம் மீரட் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்த அமைப்பு முதன்முறையாக ஆட்டம் கண்டது. ஆயினும் கிளர்ச்சி வட இந்தியாவின் ஒரு பகுதிக்குள் நின்றுவிட்டது. பஞ்சாபிலும் தெற்கிலும் இருந்த படைகள் பெரும்பாலும் ஆட்சியாளருடனேயே நின்றன. அவர்களின் துணையோடு கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1858 இல் கம்பனியிடமிருந்து ஆட்சியைப் பிரித்தானிய முடி நேரடியாக ஏற்றது.

அதன் பின்னர் அமைந்த நிருவாகத்தின் உச்சியில் இந்தியக் குடிமைப் பணி இருந்தது. மாவட்டங்களை ஆளவும் மாகாணச் செயலகங்களை நடத்தவும் போட்டிப் பரீட்சையின் மூலம் தெரிவான உயர் அலுவலர்களின் அமைப்பு அது. அதில் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்தனர். 1931 இல் இந்தியாவின் மக்கள்தொகை 35 கோடி. ஆயிரம் பேர் 35 கோடிப் பேரை எப்படி ஆண்டார்கள்? அவர்களுக்குக் கீழே கணக்குப் பார்த்தவர், வரி வசூலித்தவர், நீதிமன்றத்தில் எழுதியவர், தடியேந்திய பொலிஸ்காரர், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை, பிரித்தானிய மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்ட 560 க்கும் மேற்பட்ட மன்னர்கள் ஆண்டனர்.

இப்படிப் பார்த்தால் ஆட்சிக்கு நான்கு தாங்குதூண்கள் இருந்தன: மக்களின் வரிப்பணம், இந்திய அலுவலரின் உழைப்பு, இந்தியச் சிப்பாயின் விசுவாசம், இவற்றுக்கெல்லாம் அடியில் ‘இவர்கள் ஆள்வது இயல்பு, இவர்களை அசைக்க முடியாது’ என்ற மக்களின் எண்ணம். விடுதலைப் போராட்டம் இந்தத் தூண்களை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில் அசைத்தது. நான்காவது தூணே முதலில் அசைந்தது.

மனுவிலிருந்து மறியலுக்கு

1885 டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் இந்திய தேசிய காங்கிரஸ் கூடியபோது அங்கு எவரும் விடுதலை கேட்கவில்லை. படித்த இந்தியருக்குப் பதவிகளில் கூடிய இடம், சட்டசபைகளில் கூடிய குரல் என்பவையே கோரிக்கைகள். இந்தத் தலைமுறையைக் கோழைகள் என்று இகழும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தாதாபாய் நௌரோஜி, இந்தியாவின் வரிப்பணம் ஓய்வூதியமாகவும் படைச் செலவாகவும் வட்டியாகவும் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் போய், பண்டமாகவோ பணியாகவோ திரும்பி வராமலிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். இதைச் செல்வக் கசிவு என்பர். இந்தியாவின் வறுமைக்கு விதியோ வானமோ மட்டும் காரணமன்று, ஆட்சிமுறையும் காரணம் என்று எண்களால் நிறுவியபோது, அந்த ஆட்சி நன்மை செய்யவே வந்தது என்ற நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது.

1905 இல் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக இந்தியாவை ஆண்ட வைசிராய் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததும் மனு எழுதும் காலம் முடிந்தது. அந்நியத் துணியைப் புறக்கணித்து உள்நாட்டுப் பொருளையே வாங்குவது என்ற சுதேசி இயக்கம் பிறந்தது. தமிழ்நாட்டில் அதன் துணிவான முயற்சி நமது கடலையே தொட்டது: வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்து அதை நசுக்கப் பார்த்தது. 1908 இல் அவர் சிறைப்பட்டார், கம்பனியும் அழிந்தது. வங்காளப் பிரிவினை மட்டும் 1911 இல் கைவிடப்பட்டது. அரசின் முடிவொன்றை மக்கள் திருப்பிவிட முடியும் என்பதற்கு அது பெருஞ்சான்றாயிற்று.

ஒத்துழையாமை என்ற வழி

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படைவீரராகவும் பணியாளராகவும் கடல்கடந்து சென்றனர். கைமாறாகத் தன்னாட்சி வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1919 இல் கிடைத்தது ரௌலட் சட்டம். விசாரணையின்றித் தடுத்துவைக்க அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் திடலில் நிராயுதபாணிகளாய்க் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயரின் கட்டளைப்படி சுடப்பட்டது. அரசின் கணக்கே 379 பேர் இறந்ததாகச் சொன்னது. உண்மைத் தொகை இதைவிட அதிகம் என்றே இந்தியத் தலைவர்கள் கூறினர்.

தென்னாபிரிக்காவிலிருந்து 1915 இல் திரும்பியிருந்த காந்தி, இதுவரை நாம் பார்த்த உண்மையை ஒரு போராட்ட முறையாகவே மாற்றினார். ஒத்துழையாமை என்பது, அநீதியான அரசுக்குத் தன் கையால் செய்யும் உதவியை ஒருவர் தாமாகவே நிறுத்திக்கொள்வது. 1920 இல் தொடங்கிய இயக்கத்தில் வழக்கறிஞர் நீதிமன்றத்தைவிட்டு வெளியேறினர். மாணவர் அரச கல்லூரிகளைத் துறந்தனர். பட்டங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 102 கோடி ரூபாயாக இருந்த அந்நியத் துணி இறக்குமதி ஓர் ஆண்டுக்குள் 57 கோடிக்கு இறங்கியது. துருக்கியின் கலீபா பதவியைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கத்தின் வழியாக முஸ்லிம்களும் பெருந்தொகையாக இணைந்தார்கள். காங்கிரஸ் வருடத்துக்கு ஒருமுறை கூடும் படித்தவர் சபை என்ற நிலை மாறி, கிராமத்துக்குள் கால் வைத்தது.

1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் ஆத்திரம் கொண்ட கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைத்து 22 பொலிஸாரைக் கொன்றது. காந்தி இயக்கத்தை நிறுத்தினார். அந்த முடிவு பிழையென்று அன்று சிறையிலிருந்த தலைவர்களே வருந்தினர். இன்றும் அது விவாதத்துக்குரியது. அவரது கணக்கு இதுதான்: வன்முறை வெடித்தால் அரசுக்கு வசதியான களத்தில் போராட்டம் நடக்கும், துப்பாக்கியில் அரசை எவரும் வெல்ல முடியாது.

சுருங்கச் சொன்னால், 1922 அளவில் பிரித்தானிய ஆட்சி இன்னும் உறுதியாகவே இருந்தது. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்பது கோடிக்கணக்கானோருக்குத் தெரிந்துவிட்டது.

உப்பு ஏன்?

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் முழு விடுதலையே இலக்கு என்று அறிவித்தது. அடுத்து எதை எதிர்ப்பது என்ற வினா எழுந்தபோது காந்தி உப்பைத் தெரிந்தெடுத்தார். அவரது தோழர்கள் சிலருக்கே அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. ஆனால் அந்தத் தெரிவின் கூர்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உப்பு எடுப்பதும் விற்பதும் அரசின் தனியுரிமை, அதன்மீது வரி. பரம ஏழையும் அந்த வரியைச் செலுத்தாமல் ஒரு பிடி சோறு உண்ண முடியாது. இந்துவா, முஸ்லிமா, ஆணா, பெண்ணா, படித்தவரா என்ற வேறுபாடு அதில் இல்லை. அதை மீறுவதற்கு ஆயுதமோ பணமோ வேண்டியதில்லை. கடற்கரையும் ஒரு சட்டியும் போதும். மீறுபவரைச் சிறையிடாவிட்டால் சட்டம் செல்லாக்காசாகும். சிறையிட்டால், கடல் தந்த உப்பை அள்ளியவரைச் சிறையிடும் அரசு இது என்று உலகம் காணும். அநீதியான சட்டத்தை வெளிப்படையாக மீறி, அதற்கான தண்டனையை எதிர்க்காமல் ஏற்பதே சட்டமறுப்பு.

1930 மார்ச் 12 ஆம் திகதி 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தி, ஏறத்தாழ 385 கிலோமீற்றர் நடந்து ஏப்ரல் 6 ஆம் திகதி தண்டியில் உப்பை எடுத்தார். தமிழ்நாட்டில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். பாக்குநீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் கரைக்கு எதிரே கிடக்கும் அதே வேதாரணியம்தான். நடைப்பயணிகளுக்கு உணவோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டத்தின் ஆங்கிலேயக் கலெக்டர் எச்சரித்தார். வழியோரக் கிராம மக்கள் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் சோறு போட்டார்கள். மேடையும் முழக்கமும் இல்லாத அந்தச் சோற்றை நான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய செயல்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன். ஆட்சியாளரின் சொல் அச்சத்தை விளைவிக்கவில்லை என்பதை அது எளிய மனிதரின் கையால் காட்டியது.

அந்த ஆண்டில் மட்டும் 60,000 க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். குஜராத்தில் கிராமத் தலைவர்கள் பலர் பதவி விலகினர். இதுவரை பொதுவெளிக்கு வராதிருந்த பெண்கள் கள்ளுக்கடைகளின் முன்பும் துணிக்கடைகளின் முன்பும் மறியல் செய்தனர். ஏப்ரல் 23 ஆம் திகதி பெஷாவரில் இன்னொன்று நடந்தது. காங்கிரஸோடு நின்ற பதான் தலைவர் கான் அப்துல் கபார் கானின் தொண்டர்கள் கூடிய தெருவில் சுடுமாறு கட்டளை வந்தபோது, கர்வாலி படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் மறுத்துவிட்டார்கள். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்ற மக்கள் முஸ்லிம்கள். சிப்பாய்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. எண்ணிக்கையில் சிறிய நிகழ்வு என்றாலும், மூன்றாவது தூணும் அசையக் கூடும் என்று ஆட்சியாளர் அன்று கண்டனர்.

அப்படியானால் 1930 இலேயே ஏன் விடுதலை வரவில்லை? போடியாருக்கு மூன்று வழிகள் உண்டு என்றேன். பிரித்தானியாவிடம் மிரட்டுவதற்கு இன்னும் பலம் இருந்தது. பங்கு கூட்டித் தருவதற்கும் இடம் இருந்தது. செலவைத் தாங்கப் பணமும் இருந்தது. ஒரு பக்கம் சிறையும் தடியடியும், மறுபக்கம் பேச்சுவார்த்தையும் நடந்தன. பகத்சிங், இராஜகுரு, சுகதேவ் ஆகிய இளைஞர் மூவரும் 1931 மார்ச் 23 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் காந்தியும் வைசிராய் இர்வினும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தனர்.

பங்கும் போரும்

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் தெரிவுசெய்யப்பட்ட அமைச்சரவைகளை அனுமதித்தது. படையும் நிதியின் பெரும்பகுதியும் வைசிராயின் கையிலேயே இருந்தன. 1937 தேர்தலின் பின்னர் 11 மாகாணங்களில் 8 இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தன. சென்னையில் இராஜாஜி முதன்மை அமைச்சரானார். நேற்றுவரை சிறையில் கிடந்தவர் இன்று கட்டளையிடும் இடத்தில் அமர்ந்தபோது, அலுவலகத்தில் இருந்த எழுதுநர் முதல் பொலிஸ்காரர் வரை ஒன்றை விளங்கிக்கொண்டார்கள்: நாளைய எசமானர் யார் என்பது முடிவாகிவிட்டது.

1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர் எவரையும் கேளாமல் இந்தியா போரில் இறங்கியதாக அறிவித்தார். காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன.

போர் எவ்வாறு கணக்கை மாற்றியது என்பதைக் காட்டும் சான்றொன்று நமது கடலடியிலேயே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சிங்கப்பூரும் ரங்கூனும் ஏற்கெனவே வீழ்ந்திருந்தன. அந்த வாரம் தில்லியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: போருக்குப் பின் டொமினியன் தகுதி தருவதாகச் சொல்லி இந்தியரின் ஆதரவைப் பெற லண்டனிலிருந்து வந்த ஸ்ரஃபோர்ட் கிரிப்ஸ், தலைவர்களுடன் பேசித் தோற்றுக்கொண்டிருந்தார். டொமினியன் என்பது, பிரித்தானிய முடியைத் தலைமையாக ஏற்று, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தன் விவகாரங்களைத் தானே நடத்தும் நாடு. வெல்ல முடியாதது என்று நம்பப்பட்ட பேரரசு தன் கப்பலையே காக்க இயலாமல் நின்ற நாட்களில், பின்திகதியிட்ட வாக்குறுதியை எவரும் ஏற்கவில்லை.

ஓகஸ்ட் 8 ஆம் திகதி காங்கிரஸ் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் அனைவரும் கைதாகினர். தலைமையற்ற மக்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தனர், தந்திக் கம்பிகளை அறுத்தனர், பொலிஸ் நிலையங்களை எரித்தனர். ஆண்டு முடிவதற்குள் 60,000 க்கும் மேற்பட்டோர் கைதாகினர்; படையைக் கொண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டார்கள். நன்மை செய்யும் அரசு என்ற எண்ணத்தின் கடைசித் துணுக்கும் அந்தப் பிணங்களோடு போயிற்று.

கைகள் விலகிய ஆண்டுகள்: 1945, 1946

போர் முடிந்தபோது பிரித்தானியா வென்ற தரப்பில் நின்றது. ஆனால் எஞ்சிய மூன்று தூண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் நிலைமை புரியும்.

பணத்தில் தொடங்குவோம். போருக்காக இந்தியாவிலிருந்து பெற்ற பொருளுக்கும் சேவைக்கும் பிரித்தானியா கொடுக்க வேண்டியிருந்த கடன் 100 கோடிப் பவுணைத் தாண்டியிருந்தது. நெடுங்காலம் இந்தியா கடனாளி, இங்கிலாந்து கடன் கொடுத்தவர் என்றிருந்த நிலை தலைகீழாயிற்று. தன் நாட்டை மீளக் கட்டவே அமெரிக்காவிடம் 375 கோடி டொலர் கடன் வாங்க வேண்டியிருந்த அரசுக்கு, இந்தியாவை வலிந்து பிடித்துவைப்பது வரவில்லாத செலவாகிவிட்டது.

அலுவலரைப் பார்த்தால், போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து புதியவர் சேர்வது நின்றுபோனதால், குடிமைப் பணியில் ஐரோப்பியர் பாதியிலும் குறைந்தார்கள். இருந்தவர்கள் களைத்திருந்தனர்.

படைதான் தீர்மானமானது. போரின்போது இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகியிருந்தது. அதிலிருந்து ஜப்பானியரிடம் கைதியாகி, பின்னர் போஸின் தலைமையில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களோடு, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். போர்க்களத்தில் அந்தப் படை வெல்லவில்லை. அதன் வெற்றி தோற்ற பிறகுதான் வந்தது. 1945 நவம்பரில் அதன் தளபதிகளான ஷா நவாஸ் கான், பிரேம் ஸெகல், குர்பக்ஸ் தில்லன் ஆகிய மூவரும் தில்லிச் செங்கோட்டையில் இராசத்துரோகக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நாடு முழுவதும் அவர்களுக்காகத் தெருவில் இறங்கியது. ஆயுள் தண்டனை தீர்ப்பாயிற்று. ஆனால் பிரித்தானிய இந்தியப் படையின் தலைமைத் தளபதி ஓக்கின்லெக் அதை நிறைவேற்றாமல் தள்ளுபடி செய்தார். தண்டித்தால் தமது சொந்தப் படையே என்ன செய்யும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

அந்தக் கவலை வீண்போகவில்லை. 1946 பெப்ரவரி 18 ஆம் திகதி பம்பாயில் கடற்படையின் தல்வார் பயிற்சித் தளத்தில், கெட்ட உணவுக்கும் இனவசைக்கும் எதிராக மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் அது 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. காங்கிரஸும் முஸ்லிம்களின் அரசியல் கட்சியான முஸ்லிம் லீக்கும் கேட்டுக்கொண்டதால் அவர்கள் சரணடைந்தனர். இந்தக் கிளர்ச்சியால்தான் விடுதலை வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆட்சியை ஒப்படைப்பது பற்றிப் பேச இந்தியாவுக்கு அமைச்சரவைத் தூதுக்குழுவை அனுப்பும் அறிவிப்பு கிளர்ச்சி தொடங்கிய மறுநாளே வெளிவந்தது, ஆனால் அம்முடிவு கிளர்ச்சிக்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் இந்தியச் சிப்பாயைக் கொண்டு இந்திய மக்களை ஒடுக்குவது இனி நடவாது என்பதில் எவருக்கும் ஐயம் எஞ்சவில்லை. பிரான்சு வியட்நாமில் செய்ததைப் பிரித்தானியா இந்தியாவில் செய்யாமைக்குக் காரணம் இங்கேதான் கிடக்கிறது: அதைச் செய்யவேண்டிய படை இந்தியப் படை.

இப்போது முதலில் கண்ட மூன்று கதைகளும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. காங்கிரஸின் நெடிய இயக்கங்கள் ஆட்சி அசைக்க முடியாதது என்ற எண்ணத்தை உடைத்து, அலுவலரின் மனத்தை மாற்றின. போர் பிரித்தானியாவின் பணத்தையும் ஆள்பலத்தையும் உறிஞ்சியது. போஸின் படை தோற்ற பின்னும் சிப்பாயின் விசுவாசத்தை அசைத்தது. முதலாவது இல்லாதிருந்தால் மற்ற இரண்டும் இந்த விளைவைத் தந்திரா என்பது என் துணிபு. ஆட்சியை ஏற்க மறுக்கும் மக்கள் இல்லாத இடத்தில், நொடிந்த அரசும் காலம் தள்ளிவிடும்.

விடுதலையும் பிரிவினையும்

1947 பெப்ரவரி 20 ஆம் திகதி பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாக அறிவித்தார். மார்ச்சில் வைசிராயாக வந்த மவுண்ட்பேட்டன் அந்தக் காலத்தை மேலும் சுருக்கினார். இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு ஜூலை 18 ஆம் திகதி அரச ஒப்புதல் கிடைத்தது. அதற்கு மறுநாள் காரைதீவு ஈன்ற சுவாமி விபுலாநந்தர் மறைந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அந்த நாட்டின் போராட்ட ஆண்டுகளை அருகிருந்து கண்ட அவர், ஓகஸ்ட் 15 ஐக் காணவில்லை.

‘இரத்தமின்றி வந்த விடுதலை’ என்ற கூற்று உடையும் இடம் இதுதான். 1909 இலேயே முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதிகள் ஏற்படுத்தப்பட்டிருந்தன. அதாவது முஸ்லிம் வாக்காளர் மட்டுமே வாக்களித்து முஸ்லிம் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறை. அந்த ஏற்பாட்டில் அரசியல்வாதி தம் சமூகத்தவரிடம் மட்டுமே வாக்குக் கேட்டால் போதும். அடுத்த சமூகத்தின் மனத்தை வெல்ல வேண்டிய தேவை இல்லை. 1937 இன் பின்னர் காங்கிரஸ் அமைச்சரவைகள் முஸ்லிம் லீக்கோடு அதிகாரத்தைப் பகிரவில்லை என்ற மனக்குறையும் சேர்ந்தது. 1940 இல் லீக் முஸ்லிம்களுக்குத் தனிநாடு கேட்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. போருக்குப் பின் நடந்த தேர்தலில் மத்திய சட்டசபையின் 30 முஸ்லிம் தொகுதிகளையும் அதுவே வென்றது. 1946 ஓகஸ்டில் கல்கத்தாவில் மூண்ட கலவரம் நவகாளி, பீகார், பஞ்சாப் என்று பரவியது.

அதற்கு முன் இந்தியாவைக் கண்டே இராத சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் இந்தியாவுக்கும் அதிலிருந்து பிரிந்து பிறக்கவிருந்த பாகிஸ்தானுக்கும் இடையிலான எல்லைக் கோட்டை ஐந்து வாரங்களில் வரைந்தார். அது ஓகஸ்ட் 17 ஆம் திகதி வெளியானது. விடுதலை கிடைத்து இரண்டு நாட்கள் ஆகியும், தம் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று பஞ்சாபிலும் வங்காளத்திலும் இருந்தவர்களுக்குத் தெரியாது. ஒரு கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். இறந்தோர் தொகை 2 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வேலியும் வரம்பும் பகிர்ந்து வாழும், இடம்பெயர்வை உடலால் அறிந்த நமது மாகாணத்து வாசகருக்கு, இந்த எண்களின் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலேயருக்கு எதிரான போராட்டத்தின் பெரும்பகுதி அறவழியில் நடந்தது என்பது உண்மை. அந்த மக்களின் சாவும் அதே அளவுக்கு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

ஓகஸ்ட் 15 இல் முடியாதவை

அன்று இந்தியா டொமினியனாகத்தான் விடுதலை பெற்றது. 1950 ஜனவரி 26 ஆம் திகதியே குடியரசானது. மன்னர்கள் ஆண்ட 560 க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை அமைச்சர் வல்லபாய் பட்டேலும் அவரது செயலாளர் வி. பி. மேனனும் பெரும்பாலும் பேச்சுவார்த்தையால் இணைத்தார்கள். ஹைதராபாத்தில் 1948 இல் படை சென்றது. பாண்டிச்சேரியைப் பிரான்சு 1954 இல் ஒப்படைத்தது. கோவா 1961 டிசம்பரில்தான் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்கப்பட்டது.

இலங்கையும் இதே வழியில் விடுதலை பெற்றதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பொறிமுறை வேறு. இங்கு 1931 இலேயே டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை இருந்தது. இந்தியாவில் அது 1951, 1952 பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கு தலைவர்கள் சோல்பரி ஆணைக்குழுவோடும் லண்டனோடும் பேசி, மக்கள் திரள் போராட்டம் எதுவுமின்றி 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி டொமினியன் தகுதியைப் பெற்றார்கள். இந்தியாவை விட்டுச் செல்வதென்று முடிவானதும், இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழியின் காவலுக்கென்று இலங்கையைப் பிடித்துவைக்கும் காரணம் வலுவிழந்தது. ஆனால் அந்தக் காவலை அவர்கள் உடனே கைவிடவில்லை. விடுதலைக்குச் சற்று முன்னர் கையொப்பமான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியாவிடமே இருந்தன. 1957 இல்தான் அவை இலங்கையின் கைக்கு வந்தன.